கடலோரத்தில் தேனீத் திரளைப் பிடித்துக் குடிவைப்பது எப்படி?

கிளையில் தேனீத் திரள் (புது இடம் தேடி இராணியோடு கிளம்பிய கூட்டம்) தொங்குவதைப் பார்த்ததும் பெட்டியைத் தேடி ஓடத்தான் தோன்றும். கடலோரத்தில் அதற்கு முன் பூவைப் பார்க்க வேண்டும். தேனீக்கள் பெரும்பாலும் 1 முதல் 3 கிலோமீட்டர் வரை உணவு தேடிப் போகும். கரையை ஒட்டிப் பெட்டி வைத்தால் அந்த வட்டத்தில் பாதி வெறும் தண்ணீர்!

படி 1: பூக்கணக்கு

எந்த மாதம் எது பூக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு பாளை விடும். அதனால் மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. தேன் சேர அது மட்டும் போதாது. வெண்கண்டல் (அலையாத்திக் காட்டு மரம்), புங்கன், புளி போன்றவை பூக்கும் காலம்தான் வரவுக் காலம். அடைமழையில் பூ இருந்தும் தேனீ வெளியே போகாது, அதைப் பஞ்ச காலமாகவே எழுதுங்கள்.

படி 2: நாள் பார்த்தல்

புதுப் பெட்டியில் அடை கட்டி, இராணி முட்டையிட்டு, அது பணித்தேனீயாக வெளிவர சுமார் 3 வாரம் ஆகும். அதுவரை பழைய தேனீக்கள் செத்துக்கொண்டே இருக்கும், கூட்டம் சுருங்கும். எனவே இன்னும் ஒன்றரை மாதத்துக்காவது பூ இருந்தால் பிடியுங்கள். இல்லையென்றால் சர்க்கரைப்பாகு ஊற்றியே காப்பாற்ற வேண்டிவரும். புதியவர்களுக்கு அது வேண்டாத தலைவலி.

படி 3: பிடித்தல்

மலைத்தேனீ (திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும் பெரிய தேனீ) என்றால் கிட்டே போகவே வேண்டாம், அது பெட்டிக்கு வராது. மற்ற திரள்கள் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கிளம்புவதால் பொதுவாகச் சாதுவாக இருக்கும். பல நாள் பட்டினியாகத் தொங்கும் திரள் கொட்டும். முகவலை கட்டாயம்.

லேசாகத் தண்ணீர் தெளித்து, அடியில் பெட்டியைப் பிடித்து, கிளையை ஒரே உலுக்காக உலுக்குங்கள். வாசலில் சில தேனீக்கள் பின்பக்கத்தைத் தூக்கிச் சிறகடித்தால் இராணி பெரும்பாலும் உள்ளே இருக்கிறாள். எல்லாம் மறுபடி கிளைக்கே திரும்பினால் அவள் அங்கேதான், மறுபடி உலுக்க வேண்டும். இருட்டும்வரை பெட்டியை அங்கேயே விட்டு, அப்புறம் எடுத்துப் போங்கள்.

படி 4: வைத்தல்

வாசல் கடல்காற்றுக்கு எதிரே இருக்கக் கூடாது. நிழல், அருகில் நன்னீர், எறும்பு ஏறாமல் கால்களுக்கு நீர்க்கிண்ணம். வேறு பெட்டி இருந்தால் அதிலிருந்து புழு உள்ள அடை ஒன்றைக் கொடுங்கள். கூட்டம் ஓடிப்போவது குறையும்.

முதல் சில நாள் மாலையில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து அறைகளில் முட்டை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தேன் எடுப்பதெல்லாம் அடுத்த பூக்காலத்தில்.