ஜி-பட்டை தெளிவாக விழ, முதலில் ஒரே ஒரு ஸ்லைட்

இரத்தக் கலங்களைக் கண்ணாடி ஸ்லைட்டில் பரப்பிச் சாயமிட்டால், நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) கருமையும் வெளிர்மையுமாகத் தெரியும் கோடுகளே ஜி-பட்டை. கொழும்பில் மழை பிடித்துவிட்டால் ஆய்வுகூடத்தில் நான் முதலில் பார்ப்பது ஈரமானியைத்தான். காற்றில் ஈரம் கூடினால் ஸ்லைட் மெதுவாகக் காயும்; நிறமூர்த்தங்கள் அளவுமீறிச் சிதறி, ஒரு கலத்தின் 46ஐயும் ஒரே கூட்டமாக எண்ண முடியாமல் போகும்.

செய்த ஸ்லைட்டை உடனே திரிப்சினில் (புரதத்தைச் செரிக்கும் நொதியத்தில்) போடாதீர்கள். 60 பாகை செல்சியஸ் ஓவனில் ஒரு இரவு முதிரவிடுங்கள். அப்புறம் ஒன்றே ஒன்றுக்குத் திரிப்சினும் ஜீம்சா சாயமும் கொடுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பட்டை பிரியாமல் முழுக்க ஒரே கருமையாக இருந்தால், அடுத்ததற்குத் திரிப்சினைச் சில செக்கன் கூட்டுங்கள். ஓரம் ஊதிப் பஞ்சுபோல் வெளுத்திருந்தால் நேரம் மிஞ்சிவிட்டது. அந்த ஸ்லைட்டை மீட்க முடியாது, ஆனால் மாதிரியின் மற்ற ஸ்லைட்கள் தப்பிவிடும். குழந்தையின் மாதிரி என்றால் இரத்தம் கொஞ்சம்தான் வந்திருக்கும். அதை வீணாக்க எனக்கு மனம் வராது.