ஹொட் யோகாவுக்குப் போகமுதல்: ஊர் வெயில் கண்ட உடம்புக்கும் ஆயத்தம் வேணும்

ரொறன்ரோ ஸ்காபரோவில் என்னிடம் ஹொட் யோகா, அதாவது சூடாக்கிய அறைக்குள் செய்யும் யோகா பற்றிக் கேட்க வருகிற பெண்கள் அநேகமாக ஒரே கதையோடுதான் வருவார்கள். "அக்கா, நாங்கள் பருத்தித்துறை வெயிலில் வளர்ந்த ஆக்கள், எங்களுக்கு உந்தச் சூடு ஒரு சூடா?" அந்த உடம்பு இப்போது உங்களிடம் இல்லை என்றுதான் நான் சொல்வேன். வெக்கைக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமை வேணும். வெக்கையை விட்டுச் சில கிழமை விலகி இருந்தாலே அந்தப் பழக்கம் கழன்றுவிடும். ஒரு கனடாக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு அந்த அறைக்குள் போகிற எவரும் புது ஆள்தான்.

அறையும் ஊர் முற்றம் மாதிரி இல்லை. கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய முறையில் சூடு ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதன் 40 வீதம். 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, மொத்தம் 90 நிமிடம். காற்றோட்டம் கிடையாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே அது பாயில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் மாதம் சூடு குறைந்த, 60 நிமிட வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். அடுத்தடுத்த நாள் போகாமல், இடையில் ஒரு நாளாவது விடுங்கள்.

சேரமுதல் குடும்ப வைத்தியரிடம் ஒருக்கா கேளுங்கள். இருதய வருத்தம், பிரஷர், நீரிழிவு, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் கேட்காமல் போகவே கூடாது. பிரஷர் குளிசை, சலம் கூடப் போக வைக்கும் குளிசை, சில அலேர்ஜிக் குளிசைகள், மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாம் உடம்பு சூட்டைத் தாங்கும் விதத்தை மாற்றும். கர்ப்பிணிகள் இதை விட்டுவிட்டு, சாதாரண அறையில் செய்யும் யோகாவுக்குப் போகலாம்.

விரத நாளில் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்துவிட்டோ, கந்தசஷ்டி ஆறு நாளுக்குள்ளேயோ அந்த அறைக்குப் போவதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

தண்ணீர் குடிப்பதை வகுப்புக்கு முந்தின நாளே தொடங்க வேணும். வகுப்புக்கு இரண்டு மணித்தியாலம் முந்தி அரை லீற்றர் அளவு குடியுங்கள். புட்டு, சோறு என்றால் மூன்று மணித்தியால இடைவெளி. பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். அதற்காகப் போத்தல் போத்தலாக வெறுந்தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். நன்றாக வியர்த்த நாளில் நான் குடிப்பது ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. பிரஷரோ நீரிழிவோ உள்ளவர்கள் இதையும் வைத்தியரிடம் கேட்டே குடிக்க வேணும். இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்; இளநீரில் கூடுதலாக இருப்பது பொட்டாசியம்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வியர்வையோடு வழிந்து கண் எரியும், பாயும் வழுக்கும். சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பாயின் மேல் முழுவதும் மூடுகிற மாதிரி ஒரு பெரிய துவாய், முகம் துடைக்கச் சின்னது ஒன்று.

உள்ளே போனதும் கடைசி வரிசையில், கதவுக்குக் கிட்ட இடம் பிடியுங்கள். ஹீற்றருக்கு நேர் கீழே வேண்டாம். புது ஆள் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். மூச்சுத்தான் அளவுகோல்: மூக்கால் மூச்சு விட முடியாமல் வாய் திறந்துவிட்டால் அந்த ஆசனத்தை விட்டு இருந்துவிடுங்கள். தசை சூட்டில் இளகி நிற்பதால் வழக்கத்தைவிடக் கூட வளையும். வளைகிறது என்பதற்காக வளைக்காதீர்கள். முழங்கால், தொடையின் பின்பக்கம் எல்லாம் அடுத்த நாள்தான் நோகும்.

முழங்காலில் நின்று பின்னால் வளைகிற உஷ்ட்ராசனத்தில் நிதானம் வேணும். ஒருமுறை எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை அதிலிருந்து சடாரென்று தலையை நிமிர்த்தினாள். உதடு வெளிறி, கையை ஊன்ற இடம் தேடினாள். சூட்டில் இரத்தம் தோலுக்குப் போய், பிரஷர் ஏற்கனவே இறங்கித்தான் இருக்கும். இடுப்பு, நெஞ்சு, கடைசியாகத் தலை என்று மெதுவாக எழும்புங்கள்.

தலையிடி, குமட்டல், தலைச்சுற்று, தசைப்பிடிப்பு வந்தால் வெளியே போங்கள். ஆசிரியர் "அறைக்குள்ளேயே படுங்கோ" என்றாலும் போகலாம். எங்கள் ஆக்கள் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அடக்கிக்கொண்டு நிற்பார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். அந்தச் சூட்டிலும் மயிர்க்கூச்செறிந்து குளிர்கிறது என்றால் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் தடுமாறிக் கதைத்தாலோ, மயங்கி விழுந்தாலோ அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். ஆள் வரும்வரை குளிர்ந்த இடத்தில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறி, கழுத்திலும் கமக்கட்டிலும் ஐஸ் வையுங்கள். மயங்கிய ஆளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

முடிந்ததும் பத்து நிமிடமாவது சவாசனத்தில் கிடந்து, மெதுவாக எழும்பி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளியுங்கள். வியர்வையோடு நச்சு போகிறது என்ற பேச்சை நம்ப வேண்டாம், அது ஈரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை. தராசில் குறைந்து தெரிவதும் தண்ணீர்தான், அதைத் திரும்பக் குடித்தே ஆக வேணும். மாசி மாதத்தில் ஈர உடுப்போடு கார் நிற்கும் இடத்துக்குப் போகாதீர்கள். தலையைக் காயவைத்து, உடுப்பு மாற்றி, தொப்பி போட்டுப் போங்கள். இரவு சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. தேயிலைச் சாய நிறத்தில் போய், தசையும் கடுமையாக நொந்தால், விடியும்வரை பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.