‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: எல்லையோர மனுக்களில் நேரும் தவறுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு ஏழு மாதமாக விதவைப் பென்ஷன் வரவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். மனு நான்கு பக்கம். கணவர் இறந்த நாள், மகள் கல்யாணக் கடன், மருந்துச் செலவு என்று மனதில் இருந்த எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். கடைசி வரி: “என் பென்ஷனை ஏன் நிறுத்தினீர்கள்?” ஒரு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. கேட்டது ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வராதாம். அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் பேசவில்லை.

பதில் இரக்கமற்றதுதான், ஆனால் சட்டப்படி சரி. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ‘தகவல்’ என்று சொல்வது அலுவலகத்தில் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே இருப்பதை: கோப்பு, பதிவேடு, உத்தரவு, மின்னஞ்சல், கோப்பில் எழுதிய கருத்து. இல்லாத ஒன்றை நமக்காக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உரிமை கொடுத்ததும் அதே தீர்ப்புதான். ‘ஏன் மதிப்பெண் குறைந்தது’ என்று கேட்டால் பதில் வராது. ‘என் விடைத்தாளின் நகல்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

அக்காவின் மனுவை இப்படி மாற்றி எழுதினோம்:

“எனது விதவைப் பென்ஷன் கணக்கு தொடர்பாகக் கடந்த ஜனவரி 1 முதல் இன்று வரை கோப்பில் உள்ள குறிப்புகள், உத்தரவுகள் ஆகியவற்றின் நகல். மறுமணம் செய்யவில்லை என்று நான் கொடுத்த சான்றிதழ் பதிவான பதிவேட்டுப் பக்கத்தின் நகல். வருடாந்தர மஸ்டரிங் (பயனாளி உயிரோடிருப்பதைச் சரிபார்த்துப் பதிவது) பட்டியலில் என் பெயர் உள்ள பக்கத்தின் நகல். அந்தப் பக்கங்களில் பிறருடைய விவரம் இருந்தால் அதை மறைத்துவிட்டுத் தரவும்.”

கடைசி வாக்கியத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் மற்றவர் பெயரும் இருக்கிறது என்ற காரணத்துக்காகவே மொத்தமாக மறுத்துவிடுவார்கள். தரக்கூடாததை நீக்கி மீதியைத் தரலாம் என்று 10ஆவது பிரிவு சொல்கிறது. அதை நாமே முந்திக்கொண்டு கேட்டுவிட வேண்டும். 26ஆம் நாள் நகல்கள் வந்தன. சான்றிதழ் போய்ச் சேர்ந்திருந்தது, ஆனால் அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

பெயர்க் குழப்பம் எங்கள் பகுதியின் தீராத தலைவலி. கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ படித்தவருக்குப் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். இங்கே வாங்கிய ரேஷன் கார்டில் அது பின்னால் போய்விடும், சில சமயம் வீட்டுப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். மனுவில் ஒரே ஒரு பெயர் எழுதினால் ‘அப்படி ஒரு பதிவு இல்லை’ என்று எளிதாக முடித்துவிடுவார்கள். இருக்கும் எல்லா வடிவங்களையும் எழுதி, ‘இந்தப் பெயர்களில் எதில் பதிவாகியிருந்தாலும்’ என்று சேர்த்து, கூடவே அட்டை எண்ணையோ கணக்கு எண்ணையோ கொடுங்கள். எண்தான் நம்மை அடையாளம் காட்டும்.

நிலத்துக்கு வருகிறேன். ‘என் நிலத்தின் பட்டா நகல் வேண்டும்’ என்று இந்தப் பக்கத்து வில்லேஜ் ஆபீசுக்கு எழுதுவது வீண். தமிழ்நாட்டில் பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. கேரளத்தில் ‘பட்டயம்’ என்றால் அரசோ நிலத் தீர்ப்பாயமோ உரிமை கொடுத்து வழங்கிய பத்திரம். எல்லா நிலத்துக்கும் அது இருக்காது. உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் தண்டப்பேர்க் கணக்கின், அதாவது யார் பெயரில் எந்த நிலம் என்று வில்லேஜ் ஆபீசில் வைத்திருக்கும் கணக்கின், நகலாக இருக்கும். பட்டா மாறுதலுக்கு இங்கே ‘போக்குவரவு’ என்று பெயர். எந்த மாநில அலுவலகத்திடம் கேட்கிறோமோ அந்த அலுவலகத்தின் சொல்லால் கேட்க வேண்டும். தெரியாவிட்டால் கரம் (நில வரி) கட்டிய ரசீதைப் பாருங்கள், பாதிச் சொற்கள் அதிலேயே இருக்கும்.

கட்டணம் பத்து ரூபாய்தான், ஆனால் மனு திரும்புவது பெரும்பாலும் அதனால்தான். சந்தைக்குப் போன இடத்தில் தமிழ்நாட்டு கோர்ட் ஃபீ ஸ்டாம்பை வாங்கி வந்து கேரள அலுவலக மனுவில் ஒட்டினால் செல்லாது. பி.எஃப்., பாஸ்போர்ட் போன்ற மத்திய அரசு அலுவலகங்களுக்கு போஸ்டல் ஆர்டர் எடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. அதற்கான சான்றின் நகலை இணைத்தால் போதும்.

மொழியில் கவனம் தேவை. குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது. தகவல் உரிமைச் சட்டமோ ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் அலுவல் மொழி என்று மூன்றைச் சொல்கிறது. அதனால் நான் தமிழ் மனுவோடு மலையாளப் பிரதி ஒன்றை இணைத்தே அனுப்பச் சொல்கிறேன். தமிழைக் கைவிடச் சொல்லவில்லை. பதிலுக்கான முப்பது நாளை வீணாக்க வேண்டாம் என்கிறேன். எழுதவே முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

‘எனக்கு இது ஏன் தேவை’ என்று விளக்க வேண்டியதே இல்லை, 6ஆவது பிரிவு அதைக் கேட்கக்கூடாது என்கிறது. ஆனால் உங்களைப் பற்றிய தகவலைக் கேட்கும்போது ‘இது என்னுடைய சொந்த விவரம்’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் தரும் விதிவிலக்குப் பிரிவு 2025 நவம்பரிலிருந்து மிகவும் விரிந்துவிட்டது. முன்பு பொதுநலன் உண்டா, அந்தரங்கம் கெடுமா என்று அந்தப் பிரிவிலேயே எடைபோட இடம் இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குச் சுருக்கமாக மாற்றிவிட்டார்கள். பொதுநலனைக் காட்டி வாதிட அதே சட்டத்தின் 8(2)ஆவது பிரிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. என் மனதை இது மிகவும் வருத்துகிறது. அடையாளச் சான்று தேவைப்பட்டால் ஆதாரின் முதல் எட்டு எண்கள் மறைந்த பிரதியை எடுத்து, அதன் குறுக்கே எந்த மனுவுக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள்.

தனியார் வங்கிக்கோ கடன் நிறுவனத்துக்கோ எழுதும்போது இன்னொரு தவறு நடக்கிறது. அரசுத் தகவல் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘என் விவரம் உங்களிடம் என்ன இருக்கிறது’ என்று கேட்கும் உரிமை உண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, அந்தப் பகுதி நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாதம் வைத்திருக்கிறார்கள். 2027 மேக்கு முன் அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டினால் மறுமுனையில் இருப்பவர் மனுவையே ஒதுக்கிவிடுவார். அதுவரை அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குச் சாதாரணக் கடிதம் போதும்.

நம்மைப் பற்றி வேறொருவர் தகவல் கேட்கும்போது அலுவலகத்திலிருந்து நமக்கு ஒரு நோட்டீஸ் வரலாம். நாம் நம்பிக் கொடுத்த விவரத்தை வெளியிட அலுவலர் எண்ணினால், மனு கிடைத்த ஐந்து நாளுக்குள் நமக்கு எழுத வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பத்து நாளுக்குள் நாம் பதில் சொல்லலாம். பலர் ‘கேஸ் ஏதோ’ என்று பயந்து அதைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பத்து நாள் போனால் நம் பேச்சு கோப்பில் இருக்காது. ‘எனக்குச் சம்மதம் இல்லை’ என்பதோடு நிறுத்தவும் கூடாது. எந்த விவரம், வெளியானால் என்ன கெடுதல் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்: “வங்கிக் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் என் தனிப்பட்ட விவரங்கள். பயனாளிப் பட்டியலில் என் பெயர் இருப்பதில் ஆட்சேபம் இல்லை.” இப்படிப் பிரித்துச் சொன்னால் அலுவலருக்கும் முடிவெடுக்க வசதி.

கடை வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஜெராக்ஸ், மொபைல் கடைக்காரர்கள், ‘ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன்’ என்று போனில் ஒரு குரல் கேட்டதும் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படத்தை அனுப்பிவிடுகிறார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆவது பிரிவில் ஆவணம் கேட்க நிலையப் பொறுப்பு அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் எழுத்து மூலமான உத்தரவின் வழியாக. “சார், எழுதிக் கொடுத்தால் இன்றே தருகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உத்தரவில் கேட்டிருப்பதை மட்டும் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி, அந்தக் காகிதத்தைக் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.