காலி நாற்காலிகளை நிரப்ப: ஒரு பிடி வாத்தியார் சொல்லும் வழி

பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பிடி வாத்தியாராக இருக்கிறேன். நம்ம ஊர் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி. ஆரம்பித்த 2014-லிருந்தே பசங்களைக் கூட்டிக்கொண்டு நேரு ஸ்டேடியத்துக்குப் போய் வருகிறேன். மேட்ச் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது எதிர்ப்பக்க ஸ்டாண்ட் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கிளப் நடத்துகிறவர்கள், ரசிகர் மன்றம் வைத்திருப்பவர்கள், சின்ன ஊரில் சொந்தமாக ஒரு அணி வைத்து அல்லாடுகிறவர்கள், எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

'ஜெயிச்சா கூட்டம் தானா வரும்' என்று காத்திருப்பதை முதலில் விட்டுவிடுங்கள். சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2017-18-இலும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கிய அணி. அந்தக் கோப்பைகள் இன்றைக்கு ஒரு டிக்கெட்கூட விற்றுத் தராது. நடுவில் கொரோனா வந்து 2020-21, 2021-22 இரண்டு சீசனும் கோவாவிலேயே நடந்தன. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேடியத்துக்கு வரவேண்டிய வயதில் ஒரு தலைமுறைப் பசங்க செல்ஃபோனில் இங்கிலாந்து லீக்கைப் பார்த்து வளர்ந்துவிட்டார்கள். என் வகுப்பில் மான்செஸ்டர் சிட்டியின் பதினோரு பேரையும் மூச்சுவிடாமல் சொல்லும் பையன் இருக்கிறான், நம்ம ஊர் கோல்கீப்பர் பெயர் தெரியாது. விட்டுப்போனது பழக்கம். அதைத் திரும்ப உண்டாக்குவதுதான் வேலை.

எங்கே தொடங்குவது? ஏற்கெனவே பந்தாடுகிறவர்களிடம். வியாசர்பாடி, பெரம்பூர், ராயபுரம் என்று வடசென்னை முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். கோல்போஸ்ட் இருக்கும் மைதானத்தில் நாலு டீம் காத்திருக்கும். இல்லாத இடத்தில் இரண்டு செங்கல். ஒரே கிரவுண்டில் குறுக்கே ஒரு மேட்ச், நெடுக்கே ஒரு மேட்ச். முதுகில் பெயர் அச்சடித்த ஜெர்சி, டீமுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப், பணம் வசூலிக்க ஒருத்தர். இவ்வளவும் தயாராக இருக்கிறது. நேரு ஸ்டேடியம் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஹோர்டிங் வைத்து முகம் தெரியாத ஆயிரம் பேரைக் கூப்பிடுவதைவிட, இந்த டீம்களின் கேப்டன்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசுவது பல மடங்கு பலன் தரும்.

இதை எப்படிச் செய்வது என்று விவரமாகச் சொல்கிறேன், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஒரு நோட்டுப் போடுங்கள். டீம் பெயர், ஆடும் கிரவுண்ட், கேப்டன் நம்பர், எத்தனை பேர், எந்தக் கிழமை லீவு. கிளப் ஆபீஸிலிருந்து சூட்கேஸோடு யாரையும் அனுப்பாதீர்கள். அந்த ஏரியாவில் ஆடி வளர்ந்த ஒருத்தரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆட்டம் முடிந்து, ஸ்டட்ஸைக் கழற்றிக்கொண்டு, டீக்கு உட்கார்ந்திருப்பார்கள் பாருங்கள், அதுதான் பேசும் நேரம். 'டீமா வாங்க, ஒரே வரிசையில உட்கார வைக்கிறோம், உங்க ஜெர்சியிலேயே வாங்க' என்று சொல்லிப் பாருங்கள். நான் இப்படிக் கேட்டபோது ஒரு பையன் கேட்ட முதல் கேள்வி, "சார், எங்க டீம் பேரை மைக்ல சொல்லுவாங்களா?" விலை எவ்வளவு என்று அவன் கேட்கவே இல்லை. சொல்ல வேண்டும். மேட்ச் தொடங்குமுன் வந்திருக்கும் டீம்களின் பெயரை வாசிக்க இரண்டு நிமிஷம் போதும்.

பள்ளிகளுக்கும் இதே முறைதான். கூடவே, மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பயிற்சி மைதானத்திலாவது இரண்டு பள்ளிகளின் சின்னப் பசங்க மோதும் பத்து நிமிஷ ஆட்டம் வையுங்கள். ஒரு பையன் ஆடினால் அம்மா, அப்பா, தாத்தா, பக்கத்து வீட்டுப் பையன் என்று நாலு டிக்கெட் நிச்சயம்.

சரி, விலை. இலவச பாஸை அள்ளிக் கொடுக்காதீர்கள். இலவச பாஸ் டிவி ஸ்டாண்ட் மேலேயே கிடக்கும். மழை தூறினால் யாரும் கிளம்ப மாட்டார்கள். கையிலிருந்து முப்பது ரூபாயாவது கொடுத்தவன் வந்தே தீருவான். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சிட்டி 2007-இல் நாலாவது டிவிஷனுக்கு இறங்கிப்போனது. அந்த நிலைமையில் சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்குக் கொடுத்தார்கள், ஒரு ஹோம் மேட்ச்சுக்கு ஆறு பவுண்டுதான். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் விற்றது. அந்த டிவிஷனிலேயே மிகப் பெரிய கூட்டம், சராசரி 13 ஆயிரத்தைத் தாண்டியது. அணி அந்த வருஷம் மேலே ஏறவில்லை, கூட்டம் மட்டும் ஏறியது. நம்ம ஊரில் இதைச் செய்வதானால், முழு சீசனுக்கும் பணத்தை ஒரேயடியாகக் கேட்காதீர்கள். டீம் கேப்டன் பெயரில் மாதத் தவணையாக வாங்குங்கள்.

அடுத்தது, வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது. நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தய டிராக் சுற்றி வருவதால் பந்து ஏற்கெனவே தூரத்தில்தான் ஓடுகிறது. வந்தவர்களை நாலு பக்கமும் சிதற விட்டால் சத்தமே எழாது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்கள் இத்தனை வருஷமாகக் கொட்டடித்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் பக்கத்தை முதலில் நிரப்புங்கள், அப்புறம் அடுத்த ஸ்டாண்டைத் திறக்கலாம். முதல் முறை வந்த பையன் அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்தால்தான் திரும்ப வருவான். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான மஞ்சப்படைக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வீட்டுக்குத் திரும்புவது பெரிய விஷயம், ஆனால் யாரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஏழரைக்குத் தொடங்கும் மேட்ச் முடிந்து வெளியே வர ஒன்பதரை, பத்து ஆகிவிடும். மறுநாள் பள்ளிக்கூடம். சென்ட்ரல், நேரு பார்க் மெட்ரோ இரண்டும் கிட்டத்தான். 2023 ஐபிஎல்லில் சேப்பாக்கத்து டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் போகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள், அதே வசதியைக் கால்பந்துக்கும் கேட்டு வாங்க வேண்டும். மெட்ரோ போகாத ஏரியாக்களுக்கு டீமுக்கு ஒரு வேன் போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. இவ்வளவு ஆடுகிற பிள்ளைகள் ஸ்டேடியத்துக்கு வராததற்கு விருப்பமின்மை காரணமில்லை. டாய்லெட்டில் தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும், கேட்டில் பெண் ஊழியர் இருக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் கிடைக்க வேண்டும். பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துவிட்டு உள்ளே ஒரு குடிநீர் குழாய்கூட வைக்காத மைதானங்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படி அலைக்கழிந்த அம்மா மறுபடி பிள்ளையை அனுப்ப மாட்டார்.

உள்ளூர்ப் பையன் களத்தில் இருந்தால் இவ்வளவு உழைப்பும் பாதியாகக் குறையும். 2018 மார்ச்சில் இதே ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதி. நம்ம அணியின் ஃபார்வர்ட் ஜேஜே முதல் கோல் அடித்த கொஞ்ச நேரத்திலேயே வியாசர்பாடி தனபால் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவதைப் போட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் நிறுத்த மாட்டார்கள். அப்படி ஒருவரை உருவாக்க வருஷங்கள் ஆகும். அதுவரை, இருக்கும் வீரர்களை மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு தெரு மைதானத்துக்கு அனுப்புங்கள். மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். பசங்களோடு அரை மணி நேரம் பந்தாடட்டும்.

வருகிறவர்களுக்கு வேலையும் கொடுங்கள். பெர்லினில் யூனியன் கிளப்பின் ஸ்டேடியத்தை 2008-09-இல் ரசிகர்களே புதுப்பித்தார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல், மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம் மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். நம்ம ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது, அங்கே யாரும் சிமெண்ட் குழைக்க முடியாது. பேனர் எழுதலாம், கொட்டடிக்கலாம், புதிதாக வருகிறவர்களுக்கு இடம் காட்டலாம். பேனரை எழுதிய பையன் அதைக் கட்டுவதற்காகவாவது முதல் ஆளாக வந்து நிற்பான்.

சோஷியல் மீடியாவுக்கு நான் சொல்ல அதிகமில்லை. தேதி, நேரம், எந்த கேட், என்ன விலை. இந்த நாலும் தமிழில், ஒரே படத்தில், வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி இருக்கட்டும்.

மேட்ச் முடிந்த மறுநாள் அந்த நோட்டை எடுத்து, வந்த ஒவ்வொரு டீம் கேப்டனுக்கும் ஃபோன் போடுங்கள். எத்தனை பேர் வந்தீர்கள், எந்த இடத்தில் சிரமமாக இருந்தது, அடுத்த ஹோம் மேட்ச்சுக்கு எத்தனை டிக்கெட் எடுத்து வைக்கட்டும். பதிலை அந்தப் பெயருக்கு நேராகவே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முறை வராத டீமின் கேப்டனை ஃபோனில் பிடிக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரவுண்டுக்கே போய்ப் பாருங்கள்.