சிஆர்எம் நேர்முகத் தேர்வுக்கு முந்தைய மாலை

கொழும்பில் சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் தொடர்புகளையும் நிர்வகிக்கும் சந்தைப்படுத்தல் மென்பொருள் சார்ந்த வேலைக்கு நேர்முகத் தேர்வா? வரைவிலக்கணங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம் மென்பொருளில் இலவசக் கணக்கொன்றைத் திறந்து, வெள்ளவத்தைப் புடவைக் கடை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். 20 வாடிக்கையாளர்களைப் பதியுங்கள்; தீபாவளிக்கு வாங்கியவர்கள், விலை கேட்டுவிட்டுப் போனவர்கள் என்று பிரியுங்கள். ஒரே ஆள் இரண்டு தொலைபேசி எண்களுடன் இருமுறை பதிவாகியிருந்தால் எந்தப் பதிவை வைத்துக்கொள்வீர்கள்? ஏன்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருங்கள். பெயரைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதும் நம் ஊரில் இது அன்றாடச் சிக்கல். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இன்னொரு சிஆர்எம் மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனமென்றால் அதன் இணையப் பயிற்சித் தளமான ட்ரெயில்ஹெட்டில் இலவசமாகப் பழகலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அவசியம் வாசியுங்கள். விளம்பரச் செய்தி அனுப்பப் பெறவேண்டிய சம்மதம் பற்றி அதில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது.