வீட்டில் வாத்து ஃப்ரைடு ரைஸ்: கொழுப்பை உருக்குவதிலிருந்து தொடங்குங்கள்

கோழி ஃப்ரைடு ரைஸ் செய்முறையில் கோழியை எடுத்துவிட்டு வாத்தைப் போட்டால் சரிவராது. கோழியின் நெஞ்சுக்கறி சட்டியிலேயே ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். வாத்துக்கறி அப்படி வேகாது, ரப்பராக இழுக்கும். கோழிக்கு வெளியிலிருந்து எண்ணெயும் சாஸும் சேர்த்துச் சுவை கூட்டுகிறோம். வாத்துக்கோ தோலுக்கு அடியிலேயே அதற்கான எண்ணெய் இருக்கிறது. அந்தக் கொழுப்பைத் தனியாக உருக்கி, அதிலேயே சோற்றைக் கிளறினால்தான் வாத்தின் மணம் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும். கறியை மட்டும் பிய்த்துப் போட்டு வேறு எண்ணெயில் கிளறினால், சோறு ஒரு பக்கமும் வாத்து ஒரு பக்கமுமாக நிற்கும்.

வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையில் சோறு வடிப்பது, கொழுப்பு உருக்குவது, கறி வேகவைப்பது. மறுநாள் கிளறுவது மட்டும்தான்.

வாத்து வாங்கும்போது

நாலு பேருக்குச் சுத்தம் செய்தபின் 1.2 கிலோ தேறும் ஒரு வாத்து போதும். எலும்பும் தோலும் போக வெந்த கறி 350 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். கோழிக் கணக்கில் நினைத்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். வாத்தின் எலும்புக்கூடு பெரியது, நெஞ்சுக்கறி மெல்லியது.

வாத்தின் இறகு எண்ணெய்ப் பசையோடு நீர் ஒட்டாமல் இருப்பதால் வெந்நீர் உள்ளே இறங்க நேரமாகும். பிடுங்குவதும் பெரிய வேலை. அதனால் கடைகளில் தோலோடு சேர்த்து உரித்துத் தந்துவிடுவதுண்டு. தோல் போனால் இந்தச் சமையலின் பாதி போயிற்று. "அண்ணாச்சி, தோலு உரிக்காண்டாம், பூடை எடுத்துத் தந்தா போதும்" என்று அறுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கூடக் கொஞ்சம் கூலி கேட்டால் கொடுக்கலாம், தகும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கம் வாத்துக்குத் தேவை கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

வீட்டிலேயே இறகு எடுப்பதானால், கொதிக்கும் தண்ணீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு வாளியில் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, வாத்தைக் கம்பால் அழுத்தி மூன்று நிமிடம் முக்கி வையுங்கள். முழுக் கொதிநீரில் முக்கினால் தோல் வெந்து இறகோடு கிழிந்து வரும். பிடுங்கியபின் நன்றாகக் கழுவி, மீதியுள்ள பூடையை அடுப்புத் தீயில் வாட்டி எடுத்து, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

வாத்தில் கவுச்சி அடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வால் பக்கத்துச் சுரப்பியை எடுக்காமல் சமைத்தவர்கள். வால் நுனிக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கம், மஞ்சள் நிறத்தில் இரண்டு சிறு உருண்டைகள் இருக்கும். வாத்து அலகால் தொட்டு இறகில் பூசிக்கொள்ளும் எண்ணெய் அதில்தான் ஊறுகிறது. கத்தியை ஆழமாக இறக்கி, ஆப்பு வடிவில் அந்த இடத்தையே வெட்டி எறியுங்கள். அந்த மஞ்சள் உருண்டை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் குழம்பு முழுக்க நாறும். விலா எலும்புக்குள் ஒட்டியிருக்கும் நுரையீரலையும் முதுகெலும்பு ஓரத்து இரத்தக் கட்டிகளையும் விரலால் சுரண்டி எடுங்கள்.

இளசா முற்றலா என்று பார்க்க நெஞ்செலும்பின் கீழ் நுனியை அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் இளசு. முட்டை போட்டு ஓய்ந்த வாத்துதான் சந்தைக்கு அதிகம் வரும், அதில் நுனி கல்லாக இருக்கும். அதனால் ஒன்றும் குறையில்லை, மணம் அதில்தான் கூடுதல். வேகும் நேரம் மட்டும் இரட்டிப்பாகும்.

கொழுப்பு உருக்குதல்

நெஞ்சிலும் தொடையிலும் உள்ள தோலைக் கொழுப்போடு உரித்தெடுங்கள். வயிற்றுக்குள்ளும் கழுத்தடியிலும் கட்டியாக இருக்கும் கொழுப்பையும் சேருங்கள். ஒரு அங்குலச் சதுரமாக நறுக்கி, சூடேறாத சீனச்சட்டியில் பரப்பி, கால் கப் தண்ணீர் விட்டு, மிகச் சிறிய தீயில் வையுங்கள். தோல் அடியில் பிடிக்காமல் கொழுப்பு மெல்ல இளகுவதற்குத்தான் தண்ணீர். முதலில் கலங்கலாகக் கொதிக்கும். இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர் வற்றும்போது சடசடவென்று சத்தம் கூடும். பிறகு சத்தம் அடங்கி, எண்ணெய் கண்ணாடி போலத் தெளியும், தோல் துண்டுகள் சுருங்கிப் பொன்னிறமாகும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். எல்லாம் சேர்த்து 35, 40 நிமிடம் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோலின் வெளிப்புறம் கருகி, உள்ளே கொழுப்பு உருகாமல் நிற்கும். கருகிய கசப்பு எண்ணெயில் இறங்கிவிட்டால் மீட்க வழியில்லை.

அரிப்பில் வடித்து, எண்ணெயை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். மொறுமொறுப்பான தோலில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி மூடி வையுங்கள். கடைசியில் மேலே தூவ அது வேண்டும், அதற்குள் பிள்ளைகள் தின்று தீர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயலில் மேய்ந்த நாட்டு வாத்தில் நாலைந்து டேபிள்ஸ்பூன் கொழுப்புதான் தேறும், பண்ணையில் வளர்த்த வெள்ளை வாத்தில் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். குறைந்தால் கடலை எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள். சோயா சாஸ் போடும் சோற்றுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துவராது, இரண்டு மணமும் முட்டிக்கொள்ளும்.

கறி வேகவைத்தல்

தோல் எடுத்த வாத்தை எட்டுத் துண்டாக்கி, மஞ்சள் தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், ஒன்றிரண்டாகத் தட்டிய நல்லமிளகு ஒரு டீஸ்பூன், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கிராம்பு மூன்று, வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் ஒன்றரை கப் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். கிராம்புக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு நம் மலைத் தோட்டங்களிலேயே விளைகிறது. மூன்றுக்கு மேல் போடாதீர்கள், கறியின் மணத்தை அமுக்கிவிடும்.

இளசுக்கு மூன்று விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். முற்றலுக்கு ஆறு விசில், பிறகு பதினைந்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். தொடையில் முள்கரண்டி குத்தினால் கறி எலும்பை விட்டு விலகவேண்டும், அதே சமயம் நார்நாராக உதிரக்கூடாது. உதிர்ந்தால் சட்டியில் கிளறும்போது பஞ்சாகி மறைந்துவிடும். வெந்த துண்டுகளைச் சாற்றிலேயே ஆறவிடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் ஈரம் ஆவியாகி வறண்டுவிடும். ஆறியபின் எலும்பை நீக்கி, சுண்டுவிரல் பருமனுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள்.

சாற்றை வடிகட்டி, அரை கப்பாகச் சுண்டக் காய்ச்சுங்கள். அஜினோமோட்டோ செய்யும் வேலையை இது செய்துவிடும். இதில் உப்பு செறிந்திருக்கும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். கறியும் சாறும் ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

சோறு

அம்பை 16, திருப்பதிசாரம் 3 போன்ற குட்டையும் பருமனுமான புழுங்கல் அரிசி மீன்குழம்புக்கு ஏற்றது, இதற்கு ஆகாது. பருக்கை தடித்திருப்பதால் சட்டியில் உருளும், சாறும் கொழுப்பும் மேலேயே நிற்கும். ஒரு வருடம் பழகிய பாசுமதி நல்லது. பொன்னியும் பரவாயில்லை.

இரண்டு கப் பாசுமதியை, அதாவது 400 கிராமை, மூன்று முறை கழுவி இருபது நிமிடம் ஊறவிடுங்கள். பெரிய சருவத்தில் மூன்று லிட்டர் தண்ணீர் கொதித்ததும் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பும் அரிசியும் போட்டு, ஆறாவது நிமிடத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி ஊசிமுனை அளவுக்குத் தெரியும்போதே வடித்துவிடவேண்டும். குக்கரில் வைத்த சோறு வேண்டாம்.

வடித்ததை அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் இருபது நிமிடம் ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் முதல் ஒரு மணி நேரம் திறந்தும் பிறகு மூடியும் வையுங்கள். குளிரில் சோற்றின் மாவுச்சத்து இறுகி, பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாத நிலைக்கு வரும். இராத்திரி முழுக்க அடுக்களை மேடையிலேயே வைத்துவிடாதீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது, காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. சோறு உலராது, கெடும். வெந்த சோற்றில் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகி வெளிவிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

கிளறுதல்

சட்டிக்குத் தேவையான காய்: பீன்ஸ் 50 கிராம், கேரட் 75 கிராம், முட்டைகோஸ் 75 கிராம், எல்லாம் பொடியாக நறுக்கி ஈரம் துடைத்தது. வெள்ளைப்பூண்டு எட்டுப் பல், இஞ்சி ஒரு அங்குலம், பச்சைமிளகாய் இரண்டு, வெங்காயத்தாள் நாலு. தாரா முட்டை, அதாவது வாத்து முட்டை, மூன்று. சோயா சாஸ் இரண்டு டேபிள்ஸ்பூன், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், பொடித்த நல்லமிளகு ஒன்றரை டீஸ்பூன். தாரா முட்டை பெரும்பாலும் சேற்றில் கிடந்து வருவதால் ஓட்டைக் கழுவித் துடைத்தபின் உடையுங்கள்.

எல்லாவற்றையும் மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு முடிந்தபின் அடுத்ததைக் கிளறுங்கள். ஹோட்டல் பர்னரின் வேகம் வீட்டுக் காஸ் அடுப்புக்குக் கிடையாது. ஆறு கப் சோற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்து, சோறு வறுபடாமல் ஆவியில் வெந்து குழையும். குழைந்துபோன ஃப்ரைடு ரைஸ் பலவற்றுக்கும் காரணம் அரிசியல்ல, ஒரே தடவையில் போட்ட அளவுதான்.

இரும்புச் சீனச்சட்டியைப் பெரிய பர்னரில் மூன்று நிமிடம் காயவிடுங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் வாத்துக் கொழுப்பை விட்டதும் வேலையைத் தொடங்கவேண்டும். இது சுமார் 190 டிகிரியிலேயே புகையத் தொடங்கும், விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பாதீர்கள். ஒரு முட்டையை உப்புச் சேர்த்து அடித்து ஊற்றி, முக்கால் பதத்தில் எடுத்து ஓரமாக வையுங்கள். தாரா முட்டையின் வெள்ளை கோழி முட்டையைவிட வேகமாக இறுகும், சட்டியிலேயே விட்டால் சவ்வாகிவிடும். மீதி வேக்காடு சூடான சோற்றில் நடக்கும்.

இப்போது கறி. சட்டியில் பரப்பி ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, ஓரம் சிவந்ததும் திருப்புங்கள். பிறகு இஞ்சி, பூண்டு, மிளகாய் பத்து நொடி. பூண்டை முதலிலேயே போட்டால் கறி சிவப்பதற்குள் கருகிப் புள்ளி புள்ளியாகக் கசக்கும். பீன்ஸ், கேரட் ஒரு நிமிடம், கோஸ் அரை நிமிடம். சோற்றை ஈரக் கையால் கட்டியில்லாமல் உதிர்த்துச் சேர்த்து, அகப்பையின் தட்டைப் பக்கத்தால் அழுத்தி, புரட்டி, மறுபடி அழுத்தி, இரண்டு நிமிடம் கிளறுங்கள். பருக்கைகள் சட்டியில் துள்ளத் தொடங்கும்போது இரண்டு டீஸ்பூன் சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தைச் சுற்றி விடுங்கள். சூடான இரும்பில் பட்டுச் சுரீரென்று காய்ந்தபின் சோற்றில் கலந்தால்தான் அந்த வறுபட்ட மணம் வரும். சுண்டிய சாறு ஒரு டேபிள்ஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன், நல்லமிளகு அரை டீஸ்பூன், எடுத்து வைத்த முட்டை, கடைசியில் வெங்காயத்தாள். ருசி பார்த்தபின்தான் உப்பு. சோறு, கறி, சாறு, சாஸ் நாலிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

எண்ணெய் மிதப்பதாகத் தோன்றினால் அடுத்த பங்கில் கொழுப்பை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைத்து, கோஸ் கொஞ்சம் கூட்டுங்கள். சோறு வறண்டிருந்தால் சாறு ஒரு டீஸ்பூன் தெளியுங்கள், எண்ணெய் சேர்க்காதீர்கள்.

சோயா சாஸ் பிடிக்காதவர்கள் அதை விட்டுவிட்டு, கொழுப்பில் நறுக்கிய சின்ன உள்ளி பத்து, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு, பல்லு பல்லாகக் கீறிய தேங்காய் இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டுச் சிவக்க வதக்கி, நல்லமிளகை இரட்டிப்பாக்கிக் கிளறலாம். இதற்குத் தேங்காய் எண்ணெயும் தாராளமாகச் சேரும். சொல்லப்போனால் நம்மூர் நாக்குக்கு இதுதான் மேல். தொட்டுக்கொள்ள, கீறிய காந்தாரி மிளகாயையும் உள்ளியையும் உப்புப் போட்டு வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்தாலே போதும். கொழுப்பின் கனத்தை அந்தப் புளிப்பு வெட்டிவிடும்.

பரிமாறும்போது மொறுமொறுப்பான தோலை மேலே நொறுக்கித் தூவுங்கள். முன்னாலேயே கலந்தால் நமுத்துப்போகும். மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சட்டியில் தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்கி, அந்த ஒரு வேளையோடு தீர்த்துவிடுங்கள். பாட்டிலில் கொழுப்பு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். மரச்சீனிக் கிழங்கை அவித்து, அதில் ஒரு ஸ்பூன் விட்டு, நல்லமிளகு தூவிப் பிரட்டிப் பாருங்கள்.