ஃப்ளை தூண்டில் வீச்சு: முதலில் கையை நிறுத்தப் பழகுங்கள்

நீலகிரியில் ஃப்ளை ராட் (ஃப்ளை வீசும் தூண்டில் கோல்) வாங்கிப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தூண்டில் போட்டவர்கள்தான். அணைக்கரையில் நின்று ஈயக்குண்டு கட்டி வீசிப் பழகிய கை. அந்தப் பழக்கமே இங்கே முதல் இடைஞ்சல். சாதாரணத் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது. குண்டு முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளை என்பதோ கொக்கியில் சுற்றிய கொஞ்சம் இறகும் நூலும்தான், அதற்கு எடையே கிடையாது. நாம் வீசுவது லைனை, அதாவது ராட்டிலிருந்து போகும் கனமான தூண்டில் கயிற்றை. லைனின் எண் அதன் எடையைக் குறிக்கும். 5-ஆம் எண் லைனில் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். அந்த 9 கிராமும் நீளம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதைக் கல் மாதிரி எறிய முடியாது.

அப்படியென்றால் லைன் எப்படிப் பறக்கிறது? ராட் நகரும்போது லைனின் எடை அதை வளைக்கிறது. கையைச் சட்டென்று நிறுத்தினால் ராட் நிமிர்கிறது, நுனி நிற்கிறது, லைன் நுனியைத் தாண்டி உருண்டு விரிந்து போகிறது. அப்படி உருளும்போது உண்டாகும் வளைவுதான் லூப். ஈரக் கையை உதறும்போது, கை நிற்கிற கணத்தில்தானே நீர் தெறிக்கிறது? அதே கணக்கு. புதிதாகப் பழகுகிறவர்களிடம் நான் பார்க்கிற குறைகளில் பாதிக்கு மேல் இந்த நிறுத்தம் இல்லாததால் வருபவை. ஆனால் எல்லோரும் வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி வீசுகிறார்கள்.

முக்கியமாகப் பின்வீச்சு. கண் முன்னால் நடப்பதால் முன்வீச்சை எல்லோரும் கவனிக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் ராட் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. மணிக்கட்டு மடங்கி, நுனி தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்துவிடும். நுனி நேர்கோட்டில் போகாமல் அரைவட்டம் போட்டால் லூப் அகலமாகிவிடும், லைன் பின்னால் தொய்ந்து விழும். நம் மேட்டுநிலப் புல்வெளிகளில் கொத்துக் கொத்தாக நிற்கும் புல்லில் அது சிக்கிக்கொள்ளும். அப்புறம் முன்னால் எவ்வளவு பலமாக வீசினாலும் பயனில்லை.

இதற்கு ஒரு சோதனை. கட்டைவிரலை ராட் பிடியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வீசி நிறுத்தும்போது விரல் நகம் வானத்தைப் பார்த்து, சற்றே பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். கடிகார முள் கணக்கில் 1 மணி. அதே நேரம் ராட்டின் அடிப்பகுதி முன்கையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விரல் இடைவெளி என்றால் சரி. ஒரு சாண் விலகினால் மணிக்கட்டு மடங்கிவிட்டது என்று அர்த்தம். முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் ராட்டின் அடியைக் கைமடிப்புக்குள் செருகிக்கொண்டு வீசிப் பாருங்கள். மணிக்கட்டு மடங்க முடியாமல் முழங்கை வேலை செய்யத் தொடங்கும்.

நிறுத்தினால் மட்டும் போதாது, காத்திருக்கவும் வேண்டும். பின்னால் போன லைன் முழுக்க விரிந்த பிறகே முன்வீச்சைத் தொடங்கலாம். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு ஃப்ளை அறுந்து போயிருக்கலாம். தாமதித்தால் லைன் தரையில் விழும். "ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள்" என்று சிலர் சொல்லித் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. லைன் நீளம் கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும், எண்ணிக்கையோ மாறாது. வலக்கைக்காரர் என்றால் வலது காலைப் பின்னால் வைத்துச் சற்றே பக்கவாட்டில் நின்று, தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள். கண்ணால் பார்த்துப் பழகினால் கைக்குத் தானாக அந்த நேரம் பிடிபடும்.

தொடக்கத்திலேயே ராட் நுனி இடுப்பு உயரத்தில் இருந்தால் லைன் தொங்கும். வீச்சின் முதல் பாதி அந்தத் தொய்வை இழுப்பதிலேயே போய்விடும். நுனியைத் தண்ணீருக்கு அருகே இறக்கி, இடது கையால் தொய்வை உருவி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து, பலம். முன்வீச்சின் தொடக்கத்திலேயே குத்துகிற மாதிரி தள்ளினால் ராட் அளவுக்கு மீறி வளையும், நுனி நடுவழியில் கீழே இறங்கிவிடும். லூப்பின் மேல் பாதி கீழ்ப் பாதியை வெட்டிக்கொண்டு போகும், லீடரில், அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நைலான் நரம்பில், சின்னச் சின்ன முடிச்சு விழும். காற்றால் விழுந்த முடிச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது கையால் விழுந்ததுதான். அந்த ஒரு முடிச்சு நைலானின் வலுவை வெகுவாகக் குறைத்துவிடும், மீன் இழுக்கும்போது அங்கேதான் அறும். அடிக்கடி லீடரை விரலிடுக்கில் வைத்து உருவிப் பாருங்கள். நகத்தில் தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். வீச்சை மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் கூட்டி, கடைசியில் நிறுத்தினால் இந்த முடிச்சுகள் தானாகக் குறையும்.

தூர ஆசையும் இங்கே தேவையில்லாதது. அவலாஞ்சியில் 1907-இல் ட்ரௌட் மீன் குஞ்சு பொரிப்பகம் தொடங்கிய பிறகு இந்த மலையில் நிலைத்தது ரெயின்போ ட்ரௌட். அது வாழ்வது குளிர்ந்த, குறுகலான ஓடைகளில். அங்கே 25, 30 அடி சரியாக விழுந்தால் போதும். 60 அடி வீசினால் எதிர்க்கரைப் புதரில்தான் போய்ச் சிக்கும். ஃப்ளையைத் தண்ணீரில் இறக்காமல் காற்றிலேயே ஏழெட்டு முறை முன்னும் பின்னும் வீசுவதும் வேண்டாம். லைனின் நிழல் தண்ணீரில் ஓடினாலே மீன் ஒளிந்துகொள்ளும். இரண்டு வீச்சு, மூன்றாவதில் இறக்கிவிடுங்கள். ஓடைக்குப் போவதற்கு முன் எங்கே மீன்பிடிக்கலாம், எந்த அனுமதி வேண்டும் என்று மீன்வளத்துறையிலும் வனத்துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கவே கூடாது.

பழகுவதற்கு ஓடை தேவையில்லை. வெட்டிவிட்ட புல்தரை போதும். கொக்கிக்குப் பதில் பளிச்சென்ற கம்பளி நூல் துண்டு ஒன்றை லீடர் நுனியில் கட்டுங்கள். சிமென்ட் தரையிலும் தார்ச்சாலையிலும் வீசினால் லைனின் மேல்பூச்சு உரிந்து போகும். ரோல் காஸ்ட் (பின்னால் வீசாமல், தண்ணீரில் கிடக்கும் லைனை முன்னால் உருட்டி விடும் வீச்சு) மட்டும் புல்லில் சரியாக வராது, லைனைத் தண்ணீர் பிடித்து வைத்தால்தான் ராட் வளையும். ஆனால் அதை அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். நம் கரைகளில் முதுகுக்குப் பின்னால் சீகை மரமோ முள்புதரோ இல்லாத இடம் அபூர்வம். பின்வீச்சுக்கு வழியில்லாத இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடத்தில் ராட்டை விரிக்கவே விரிக்காதீர்கள். கார்பன் ராட்டில் மின்சாரம் பாயும். 9 அடி ராட்டைத் தூக்கிப் பிடித்தால் நுனி எவ்வளவு உயரத்துக்குப் போகிறது என்பது கையில் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. இடி இடித்தாலும் ராட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். வலக்கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து வரும் காற்று ஆபத்து, கொக்கியை நேராக முகத்துக்குத் தள்ளும். அந்த மாதிரி நேரத்தில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சாலேயே ஃப்ளையைத் தண்ணீரில் இறக்குங்கள். லைன் காற்று போகிற பக்கமாக, உடம்பை விட்டு விலகியே போகும். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். கொக்கி நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளை இடுக்கியால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பதும் சுலபம், காது மடலில் குத்தினால் உருவி எடுப்பதும் சுலபம்.